கூட்ஸ் டிரெய்ன் மேனேஜர் வேலை: சிலபஸைப் பிரிக்கும் முன் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வது ஏன்?

ரயில்வே தேர்வு வாரியம் பட்டதாரிகளுக்காக 2025 இறுதியில் வெளியிட்ட என்டிபிசி அறிவிப்பில் மொத்தக் காலியிடங்கள் 5,810. இதில் ‘கூட்ஸ் டிரெய்ன் மேனேஜர்’ என்ற ஒரே பதவிக்கு மட்டும் 3,416 இடங்கள். பத்தில் கிட்டத்தட்ட ஆறு! எல்லோரும் ஆசைப்படும் ஸ்டேஷன் மாஸ்டர் பதவிக்கு 615 இடங்கள்தான். முந்தைய 2024 அறிவிப்பிலும் இதே கதைதான். 8,113 இடங்களில் 3,144 இந்தப் பதவிக்குப் போனது.

அதாவது, “ரயில்வே எக்ஸாமுக்குப் படிக்கிறேன்” என்று சொல்லும் பட்டதாரிகளில் தேர்வாகும் பலர் கடைசியில் போய் உட்காரப்போவது சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில்தான். ஆனால் பயிற்சி வகுப்புகளில் பேச்செல்லாம் சிலபஸ், கட்-ஆஃப் பற்றியே ஓடுகிறது. அந்தப் பெட்டியில் என்ன வேலை, யாருக்கு அது கிடைக்கவே கிடைக்காது, எத்தனை காலம் அந்தப் பெட்டி இருக்கும்? இவற்றைப் பார்க்கலாம்.

பேருதான் மேனேஜர்... வேலை என்ன?

நேற்றுவரை ‘கூட்ஸ் கார்டு’ என்று அழைக்கப்பட்ட அதே பதவிதான் இது. கார்டு என்றால் வாட்ச்மேன் என்று வெளியில் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது ஊழியர்களின் நெடுநாள் மனக்குறை. 2022 ஜனவரியில் ரயில்வே வாரியம் பெயரை மாற்றியது. சம்பளமோ வேலையோ மாறவில்லை.

ரயிலை ஓட்டுவது லோகோ பைலட். ஆனால் விதிப்படி ரயிலுக்குப் பொறுப்பாளர் கார்டு. ஒரு சரக்கு ரயிலின் நீளம் சுமார் 700 மீட்டர் வரை போகும். முன்னால் எஞ்சினில் இருப்பவருக்கு வாலில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த வாலில் இருக்கும் கண்தான் கார்டு.

ரயில் கிளம்பும் முன் பிரேக் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினில் இருந்து வரும் காற்றழுத்தம் கடைசிப் பெட்டி வரை வருகிறதா என்று பிரேக் வேனில் உள்ள மீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எஞ்சினில் 5 கிலோ அழுத்தம் என்றால், வாலில் அதைவிடச் சற்றே குறைவாகக் காட்டும். ரொம்பக் குறைந்தால் நடுவில் எங்கோ கோளாறு. பிரேக் முழுசாகப் பிடிக்காது. ஓடும்போது வேகன்களில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று கவனிப்பதும், எதிரே கடக்கும் ரயில்களோடு ‘ஆல் ரைட்’ சிக்னல் மாற்றிக்கொள்வதும் அவர் வேலைதான்.

நடுவழியில் ரயில் நின்றுவிட்டால்தான் உண்மையான சோதனை. பின்னால் இன்னொரு ரயில் வந்து மோதாமல் தடுக்க, கார்டு தண்டவாளத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டர் தூரத்தில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறினால் வெடித்துச் சத்தம் போடும். வருகிற ரயிலின் லோகோ பைலட்டுக்கு அது எச்சரிக்கை. நள்ளிரவோ, மழையோ, காடோ, கையில் விளக்குடன் தனியாளாக நடந்து போய் இதைச் செய்ய வேண்டும்.

நிற்கும் ரயிலும் ஆபத்துதான்

2024 பிப்ரவரி 25 அன்று நடந்ததை நினைவிருக்கிறதா? ஜம்முவின் கதுவா நிலையத்தில் ஜல்லி ஏற்றி நின்றிருந்த 53 வேகன் சரக்கு ரயில், டிரைவர் இல்லாமல் சரிவில் தானாக நகர்ந்தது. 70 கிலோ மீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபின் உஞ்சி பஸ்ஸி அருகேதான் நின்றது. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

கனடாவில் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 2013 ஜூலை 6 அன்று லாக்-மெகாந்திக் என்ற ஊருக்குள், கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்து தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தனர். அந்த ரயிலில் பணியில் இருந்தது ஒரே ஒரு ஊழியர். அவர் போட்ட ஹேண்ட் பிரேக்குகள் அந்தச் சரிவுக்குப் போதவில்லை.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்பக்கத்தில் சரக்கு ரயில் மோதியபோது, இறந்தவர்களில் அந்த எக்ஸ்பிரஸின் கார்டும் ஒருவர். காலையிலிருந்தே தானியங்கி சிக்னல் பழுதாகி, காகித அனுமதியில் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. மோதிய சரக்கு ரயிலின் லோகோ பைலட், டிரெய்ன் மேனேஜர் கைகளில் வாக்கி-டாக்கி இல்லாததையும் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது.

ஆக, இது வெறும் ‘பச்சைக்கொடி காட்டும் வேலை’ இல்லை. கண் பரிசோதனையில் ரயில்வே இவ்வளவு கறாராக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

தேர்வுமுறை எளிமையானதுதான். ஏதாவது ஒரு டிகிரி போதும். 2025 அறிவிப்பின்படி வயது 18 முதல் 33 வரை. ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. முதல் கணினித் தேர்வில் 100 கேள்விகள், இரண்டாவதில் 120. இரண்டுக்கும் தலா 90 நிமிடம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். தமிழிலேயே எழுதலாம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு உள்ள மனத்திறன் தேர்வோ, கிளார்க் பதவிகளுக்கு உள்ள டைப்பிங் தேர்வோ இதற்குக் கிடையாது. “அப்போ இதுதான் ஈஸி” என்று பலரும் முன்னுரிமை வரிசையில் இதை மேலே போட்டுவிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். இந்தப் பதவிக்கான மருத்துவத் தகுதி ‘ஏ-2’. தூரப் பார்வை இரண்டு கண்ணிலும் 6/9 இருக்க வேண்டும், அதுவும் கண்ணாடி இல்லாமல். கிட்டப் பார்வைக்கும் கண்ணாடி கூடாது. நிறம் பிரித்தறிவது, இரவுப் பார்வை, மங்கலான வெளிச்சத்தில் பார்வை, இரு கண்களும் சேர்ந்து இயங்குவது என எல்லாவற்றிலும் தேற வேண்டும்.

கண்ணாடி போட்டிருக்கீங்களா? அப்போ இந்தப் பதவி கிடைக்காது. “லேசிக் பண்ணிக்கிட்டா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்வைக் குறையைச் சரிசெய்ய லேசிக் போன்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஏ-2 பதவிகளுக்குத் தகுதி இல்லாதவர்களே.

இன்னும் முக்கியமான விஷயம்: எழுத்துத் தேர்வில் தேறி, இந்தப் பதவிக்குத் தேர்வாகி, மருத்துவத்தில் விழுந்தால் மாற்றுப் பதவி தரப்பட மாட்டாது. அதே மதிப்பெண்ணுக்குக் கிளார்க் வேலை கிடைத்திருக்கலாம். அதைக் கேட்கவும் முடியாது. தேர்வுகள் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு 2019 அறிவிப்பே சாட்சி. அதன் முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. இரண்டாம் கட்டம் நடந்தது 2022-ல். இத்தனை வருடக் காத்திருப்பும் ஒரு கண் பரிசோதனையில் போய்விடக் கூடாது என்றால், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் ஏ-2 தகுதியைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நிறக்குறைபாடு இருப்பது பலருக்கு இப்படிச் சோதிக்கும்போதுதான் தெரியவே வரும்.

வேலையில் சேர்ந்த பிறகும் பரிசோதனை தொடரும். 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். ஆனால் பணிக்காலத்தில் பார்வை குறைந்தால் கதை வேறு. அப்போது மாற்றுப் பணி தர வேண்டியது ரயில்வேயின் பொறுப்பு.

சம்பளம் எப்படி?

7-வது ஊதியக் குழுவின் லெவல்-5. தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். இதே லெவலில் உள்ள அலுவலக வேலையைவிட இங்கே கையில் கூடுதலாக வரும். காரணம், ஓடிய கிலோ மீட்டருக்கு ஏற்பக் கிடைக்கும் ரன்னிங் அலவன்ஸ். அதோடு, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவற்றைக் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதம் சேர்த்துக் கணக்கிடுவார்கள். சீனியர் கூட்ஸ், பாசஞ்சர், கடைசியில் மெயில்/எக்ஸ்பிரஸ் டிரெய்ன் மேனேஜர் என்று பதவி உயர்வு இருக்கிறது. பயணிகள் ரயிலுக்குப் போய்விட்டால் ஓரளவு நேரம் தெரிந்த வாழ்க்கை கிடைக்கும். அதுவரை?

டைம்டேபிள் இல்லாத வாழ்க்கை

எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி சரக்கு ரயிலுக்கு நிலையான நேரம் இல்லை. எப்போது கூப்பிடுவார்களோ அப்போது கிளம்ப வேண்டும். அது அதிகாலை 2 மணியாகவும் இருக்கலாம், தீபாவளி அன்றாகவும் இருக்கலாம். வந்ததும் ஊதிப் பார்த்து மது சோதனை, கையெழுத்து, பிறகு ரயில்.

விதிப்படி ஒரே மூச்சில் ஓடும் பணி சாதாரணமாக 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கையெழுத்து போட்டதிலிருந்து முடிக்கும் வரை மொத்தம் 11 மணி நேரம். 8 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துவிட்டுத் தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வு. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமான பாதைகளில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டர் அளவில்தான். பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு லூப் லைனில் நிற்கும் நேரமே அதிகம். அந்த நேரமெல்லாம் பெட்டியில்தான். பழைய பிரேக் வேன்களில் கழிப்பறை, மின்விளக்கு, மின்விசிறி எதுவும் இல்லை. வசதியுள்ள புதிய வேன்கள் வந்தாலும் எல்லா ரயிலிலும் அவை இல்லை. பெண்களும் தேர்வாகிறார்கள் என்பதால் இது இன்னும் பெரிய கேள்வி.

வார ஓய்வு விவகாரமும் இருக்கிறது. தினசரி ஓய்வான 16 மணி நேரத்தோடு 30 மணி நேர வார ஓய்வையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஓட்டும் அதே ரயிலின் கடைசியில் இருப்பவருக்கும் தூக்கம் ஒன்றுதான்.

இந்த வேலை எத்தனை காலம் இருக்கும்?

கார்டுக்குப் பதிலாக ரயிலின் கடைசியில் ஒரு கருவியைப் பொருத்தும் திட்டம் சில ஆண்டுகளாகவே பேசப்படுகிறது. வாலில் உள்ள காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ வழியாக எஞ்சினுக்கு அனுப்பும் கருவி அது. பெட்டி பிரிந்துபோனால் லோகோ பைலட்டுக்கு உடனே தெரியும். பிரேக் வேன் இருந்த இடத்தில் இன்னொரு வேகனும் கிடைக்கும். 2024-25-ல் 161 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றிய ரயில்வேக்கு அது சின்ன லாபம் இல்லை. கார்டுகளின் சங்கங்கள் இதை எதிர்க்கின்றன.

அமெரிக்காவில் இது 1980-களிலேயே நடந்துவிட்டது. கடைசிப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் கண்டக்டர் என்ற அந்த ஊழியர் வீட்டுக்குப் போகவில்லை. எஞ்சினுக்கு மாறினார். அவரையும் எடுத்துவிட்டு ஒரே ஆளை வைத்து ஓட்டலாம் என்று நிறுவனங்கள் முயன்றபோது, பெரும்பாலான ரயில்களில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அந்நாட்டு ரயில்வே நிர்வாகம் விதி கொண்டுவந்தது. கருவி அழுத்தத்தை அளக்கும், இறங்கி நடந்துபோய் ஹேண்ட் பிரேக் போடாது என்பதுதான் அங்கே தொழிற்சங்கங்களின் வாதம்.

இந்தியாவில் நிலைமை வேறு. எஞ்சினில் ஏற்கெனவே லோகோ பைலட், உதவி லோகோ பைலட் என இரண்டு பேர் இருக்கிறார்கள். கருவி வந்தால் கார்டுக்கு முன்னால் இடம் தயாராக இல்லை. இருந்தாலும் அடுத்தடுத்த இரண்டு அறிவிப்புகளில் மட்டும் 6,560 பேரை எடுக்கிறது ரயில்வே. நாளைக்கே ஒழிக்கப்போகும் பதவிக்கு யாரும் இவ்வளவு பேரை எடுக்க மாட்டார்கள். ஆனால் 25 வயதில் சேர்பவர் 60-ல் ஓய்வு பெறும் வரை இதே பெட்டியில் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அப்போ யாருக்குப் பொருந்தும்?

கண்ணாடி இல்லாத நல்ல பார்வை, இரவுப் பணியைத் தாங்கும் உடம்பு, தனிமையைச் சமாளிக்கும் மனசு, இந்த மூன்றும் இருந்தால் டிகிரி மட்டும் கேட்கும் மத்திய அரசுப் பணிகளில் இது நல்ல வாய்ப்பு. தெற்கு ரயில்வேயில் தேர்வானால் திருச்சியில் உள்ள மண்டலப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி, பிறகு பாதையைப் பழகும் பயணங்கள், அதற்குப் பிறகே தனிப் பொறுப்பு. ஈரோடு, ஜோலார்பேட்டை போன்ற ரயில் ஊர்களில் இருக்கும் கார்டு யாரையாவது தெரிந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். பெட்டியில் இரவு எப்படிக் கழிகிறது என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

கண்ணாடி போட்டவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. அதே தேர்வில் ஏ-2 தேவைப்படாத கிளார்க், கணக்குப் பிரிவுப் பதவிகள் இருக்கின்றன. முன்னுரிமை வரிசையில் அவற்றை மேலே வைத்தால் போதும்.