தழும்பு விழுந்த கண்

மாமனார், மாப்பிள்ளை, பேரன் மூவரும் ஒரே தொழில் பார்க்கும் குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் நீரிழிவு ஆஸ்பத்திரியிலோ, மூவரும் ஒரே நோயைத் துரத்தினார்கள்!

மாமனார் டாக்டர் வில்லியம் பீதம். அவர் ஒரு விந்தையைக் கவனித்தார். சில சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு கண்ணின் விழித்திரையில் ரத்தம் கசிந்து பார்வை போகும்; மற்றக் கண் தப்பியிருக்கும். தப்பிய கண்ணை உற்றுப் பார்த்தால், அதிலே பழைய தழும்புகள்! அப்படியானால் நாமே தழும்பு உண்டாக்கினால் என்ன?

மாப்பிள்ளை டாக்டர் லாயிட் ஐயெல்லோவும் அவருமாக, 1967-ல், மாணிக்கக் கல்லிலிருந்து பிறக்கும் லேசர் ஒளியால் விழித்திரையில் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டார்கள். கண்ணைக் காப்பாற்றக் கண்ணையே சுடுவதா என்று உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறதல்லவா? மற்ற டாக்டர்களும் ருசு கேட்டார்கள்.

1972-ல் பெரிய பரீட்சை ஆரம்பமாயிற்று. ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்குத்தான் சிகிச்சை. எந்தக் கண் என்பது குலுக்கலைப் பொறுத்தது. மற்றக் கண் அப்படியே விடப்பட்டது. இதற்குச் சம்மதித்தார்களே, அந்தத் தைரியத்தை என்னவென்பது! 1976-ல் முடிவு தெரிந்தது: சுட்ட கண்களில் பார்வை பறிபோவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உடனே திட்டத்தை மாற்றி, ஆபத்திலிருந்த மற்றக் கண்களுக்கும் சிகிச்சை செய்ய வழி விட்டார்கள். சிலருக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

சரி, சுட்டால் ஏன் குணம்? அதற்குப் பேரன் வர வேண்டியிருந்தது. டாக்டர் லாயிட் பால் ஐயெல்லோவும் சகாக்களும் 164 பேருடைய கண்ணிலிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்து, 1994-ல் வெளியிட்டார்கள். பிராணவாயு போதாத விழித்திரை, பசித்த குழந்தை அழுவதுபோல, ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதன் பெயர் வி.ஈ.ஜி.எஃப். அதனால் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, பலமில்லாமல் உடைகின்றன. ஓரத்தைச் சுட்டால் பசி குறைகிறது, அழுகை அடங்குகிறது. ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். நடுப் பார்வை பிழைக்கும். இப்போது அந்தப் புரதத்தையே தடுக்கும் ஊசி மருந்தும் உண்டு.

உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், “எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே!” என்பார். நோய் வெகுதூரம் முற்றும்வரை அப்படித்தான் தெரியும். வருஷம் ஒரு முறை கண் பாப்பாவை மருந்து விட்டு விரித்துப் பார்க்கச் செய்யுங்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும். அன்று மட்டும் தொடர்கதையை நீங்கள் படித்துக் காட்டுங்களேன்!