எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் சோடா, கலர்: எங்கள் நிலைப்பாடு

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களின் அமைப்பான நம் சென்ற பொதுக்கூட்டத்தில் சோடா, கலர் பற்றி நடந்தது உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். நம் அமைப்பின் சுற்றறிக்கையில் இருந்த “ஆறு மாதம் கழிந்தால் அளவோடு குடிக்கலாம்” என்ற வரியை யார் எழுதினார், யார் பார்த்துவிட்டு அனுப்பினார் என்ற விசாரணைக்குள் நாங்கள் போகவில்லை. அந்தச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் செயற்குழு உறுப்பினர்கள் பூலாம்பாடியில் கூடிப் பேசி, கடைசியில் ஒப்புக்கொண்ட நிலைப்பாட்டை இங்கே வைக்கிறோம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். ஸ்லீவ் ஆனாலும் பைபாஸ் ஆனாலும், இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்கள் ஓராண்டுக்கு வாயு அடைத்த பானம் எதையும் தொடக்கூடாது. ஓராண்டுக்குப் பிறகும் தவிர்ப்பதே நல்லது என்று செயற்குழு பொதுவாகக் கருதுகிறது. அதற்கு மேல் விதிவிலக்கு வேண்டுவோர் தங்களுக்கு அறுவை செய்த மருத்துவரையோ உணவு ஆலோசகரையோ கேட்டு முடிவெடுக்கலாம். இந்தத் தளர்வு எல்லோருக்கும் உடன்பாடானதல்ல என்பதையும் பதிவு செய்கிறோம்.

வாயு அடைத்த பானம் என்றால் கோலா மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோலி சோடா, பன்னீர் சோடா, எலுமிச்சை உப்பு சோடா, கலர், சர்க்கரை சேர்க்காத டயட் பானம், பீர் எல்லாமே இதில் அடங்கும். தண்ணீரில் போட்டால் பொங்கும் செரிமானப் பொடியும், பொங்கிக் கரையும் வைட்டமின் மாத்திரையும் அடங்கும். வைட்டமினை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்டு வேறு வடிவத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 100 முதல் 150 மில்லி பிடிக்கும் குழாய்தான் மிஞ்சுகிறது. பைபாஸில் மேலே விடப்படும் பை 30 மில்லி அளவுதான். கடையில் விற்கும் சின்னப் புட்டியே 200 மில்லி. குடித்தபின் பிரிந்து வெளிவரும் வாயுவுக்கு அங்கே இடமில்லை: நெஞ்சடைப்பு, வலி, எதுக்களிப்பு வருகிறது. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு எதுக்களிப்பு ஏற்கெனவே இருக்கும், இது அதைக் கூட்டும். சர்க்கரை போட்ட பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. பைபாஸ் ஆனவர்களுக்கு அது நேராகச் சிறுகுடலில் இறங்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டல், பேதி. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கித் தலைசுற்றல். வாயு இல்லாவிட்டாலும் பானகத்துக்கும் கரும்புச்சாற்றுக்கும் இதே சர்க்கரைக் கணக்குதான். மேலும், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்து முடிக்கவே நமக்குப் பொழுது போதவில்லை. அந்த இடத்தையும் சோடாவுக்குக் கொடுப்பது நட்டம்.

“சோடா குடித்தால் வயிறு பழையபடி விரிந்துவிடும்” என்ற வாக்கியத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். சேர்க்கவில்லை. அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. பயமுறுத்துவதற்காக நிரூபணமில்லாத ஒன்றைச் சொன்னால், நாளைக்கு நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். எடை மீண்டும் ஏறிய உறுப்பினர் ஒருவரைப் பார்த்துப் பொதுக்கூட்டத்திலேயே “கலர் குடிச்சீங்களா?” என்று கேட்டது இந்த வாக்கியத்தின் பலன்தான். எடை ஏறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைச் செயற்குழு கண்டிக்கிறது. கண்டிக்கிறது என்ற சொல் கடுமையாக இருக்கிறது, ‘வருந்துகிறது’ என்று மாற்றலாம் என ஒரு யோசனை வந்தது. மாற்றவில்லை.

இனி இந்த அறிக்கைக்கு உண்மையான காரணம். நம் வீடுகளில் சோடா மருந்தாக இருக்கிறது. வயிறு உப்புசமா, கோலி சோடா. நெஞ்சைக் கரிக்கிறதா, எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒரு சோடா. கல்யாண வீட்டில் அதிகம் சாப்பிட்டுவிட்டால், கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பன்னீர் சோடா. ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பாட்டி சொன்னது, அம்மா செய்தது, நாமும் செய்வது. சாதாரண வயிற்றுக்கு இதனால் பெரிய கேடு வந்துவிடாது. அறுவை முடிந்து பத்தாம் நாள் வீட்டில் படுத்திருப்பவருக்கு அதே கைவைத்தியத்தைச் செய்யும்போது நடப்பது வேறு.

அவருக்கு வயிறு வலிக்கிறது. வாந்தி வருகிறது. “வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிச்சுட்டுப் படு” என்கிறார்கள் பெரியவர்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் வரும் வலி, தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். நாடித்துடிப்பு வேகம், காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி ஆகியவற்றில் ஒன்று கூட வந்தாலும் அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம். சோடா குடித்து, ஏப்பத்துக்குக் காத்திருந்து, விடியட்டும் பார்க்கலாம் என்று கழிகிற இரவு உயிரைக் குடிக்கக்கூடிய இரவு.

வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு யாரும் சொன்னதே இல்லை. உடலில் வைட்டமின் பி1 சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. சாப்பாடு தங்காமல் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும்: நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழம்பும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் சர்க்கரையை மட்டும் உள்ளே இறக்குவது பாதிப்பைத் தீவிரமாக்கக்கூடும். “எதுவும் தங்க மாட்டேங்குது, கலராச்சும் குடிக்கட்டும், தெம்பு வரும்” என்று வீட்டில் செய்வது அதைத்தான். வாந்தி நிற்கவில்லை என்றால் கலர் வாங்கப் போகாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அறுவை நடந்த விவரத்தை ஆம்புலன்ஸில் ஏறியதும் சொல்லுங்கள். பி1 ஊசி பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

இதை யார் சொல்லியிருக்க வேண்டும்? லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அறுவை செய்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் கொண்டுவந்து காட்டிய டிஸ்சார்ஜ் தாள்களில் பெரும்பாலானவை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாயு பானத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு வரி, பதினைந்து வரிகளுக்கு நடுவே. ஏன் என்று இல்லை. கோலி சோடாவும் அதில் சேரும் என்று இல்லை. வாந்தி வந்தால் இரவில் யாரை அழைக்க வேண்டும் என்று இல்லை. தாளில் இருக்கும் எண்ணோ மறுநாள் காலையில் சந்திப்பு நேரம் கொடுக்கிற வரவேற்பு மேசையின் எண். படிக்கத் தெரியாத மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும்தான் அந்த வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அறுவைக்கு முன் வீட்டு விலாசம் வரை விசாரித்தவர்களுக்குத் தெரியாதா? விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. எல்லா மருத்துவமனைகளும் இப்படி என்று செயற்குழு சொல்லவில்லை. பொறுப்போடு தொலைபேசியில் பேசும் உணவு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அறுவை மேசையிலிருந்து இறக்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள், நோயாளியின் ‘கட்டுப்பாடின்மை’ பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இதே அறுவையின்போது நிலைமை மோசமாகி உயிரிழந்த பிறகு, அரசு விசாரணைக் குழு அமைத்தது. அறுவை அரங்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். அரங்கத்துக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் நடப்பதைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், கடுமையான உடன்நோய்களோடு 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் இந்த அறுவைக்குக் காப்பீடு கிடைக்க வழி உண்டு. அறுவைக்கு வழி திறந்தது போல, பின்கவனிப்புக்கும் திறக்க வேண்டும்.

கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்ததை நினைவூட்டி, நாமும் அதுபோல் புறக்கணிப்புக்கு அழைக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை. அன்றைய பேச்சு நம் நிலத்தடித் தண்ணீரையும் நம் ஊர்த் தயாரிப்புகளையும் பற்றியது. நம் பிரச்சினையில் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் ஒன்றுதான். நம் ஊர்ச் சரக்கு என்பதால் வயிற்றுக்குள் வாயு குறைந்துவிடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாயு பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி என்கிறார்கள். ஆனாலும் பத்து ரூபாய்க்குப் புட்டி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இலங்கையில் 2016 முதல் பானப் புட்டிகளில் சர்க்கரை அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் நிறம் புரியும். இங்கேயும் அது வேண்டும்.

விருந்தோம்பல் பற்றி நிறைய பேச்சு நடந்தது. வந்தவருக்குக் கலர் உடைத்துக் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர்கள் நம்முடையவை. நோயாளி மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீர்மோர் கொடுங்கள், அதையும் மெல்லக் குடிக்க விடுங்கள். மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறையில் வந்து அறுவை செய்துகொண்டு, காயம் ஆறுமுன் விமானம் ஏறுகிற நம் பிள்ளைகள் அங்கே அறைத் தோழர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது: அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், எதைக் குடிக்கக் கூடாது, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், இரவில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்ற மூன்றையும் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் கொடுக்க வேண்டும், அதை வீட்டாருக்கு வாயால் சொல்லிப் புரியவைத்த பிறகே அனுப்ப வேண்டும். இதற்குப் பணம் செலவாகாது. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், அறுவையை எங்கே செய்திருந்தாலும் வந்து காட்டிக்கொள்ள மாதம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறவர்களுக்கு இந்த அபாய அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்கலாம். கோரிக்கைக் கடிதங்கள் இந்த மாதமே போகின்றன. பதில் வராத இடங்களுக்கு உறுப்பினர்கள் தங்கள் டிஸ்சார்ஜ் தாள்களோடு நேரில் போவார்கள்.

மாற்றுக் கருத்துகளும் பதிவாகின்றன. செயற்குழுவில் மூவர் ‘ஓராண்டு’ என்ற சொல்லை நீக்கி ‘ஆயுள் முழுதும்’ என்று எழுத வேண்டும் என்றார்கள். ஓராண்டு என்றால் மக்கள் அதை அனுமதித் தேதியாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு என்பதைப் பெரும்பான்மையினரும் மறுக்கவில்லை. மருத்துவர்கள் சொல்ல வேண்டிய கால அளவை நாம் வகுப்பது வரம்பு மீறல் என்று வேறொருவர் கையெழுத்திட மறுத்தார். இரு தரப்பின் குறிப்பும் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படும். அதுவரை ‘ஆறு மாதம்’ என்று அமைப்பின் பெயரில் யாரும், எங்கும் சொல்லக் கூடாது.