பெத்தானியாவில் ஒரு தூக்கம்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற பஸ்ஸில் ஏறி, 'மேல்பட்டாம்பாக்கம் ஒண்ணு' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பேர் அவ்வளவு நீளம். ஊர் என்னவோ சின்னதுதான்.

அந்தச் சின்ன ஊர் சர்ச்சில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தூங்கிவிட்டேன்.

பிரசங்கத்தில் கண் அசருவது ஒரு விஷயமா என்பீர்கள். நான் குறட்டை விட்டேன் சார்! முன் வரிசைப் பொடியன்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு. பவுல் பிரசங்கம் செய்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப் போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்ததாக வேதத்தில் வருகிறது. நான் தரையிலேயே இருந்ததால் தப்பித்தேன்.

காரணம் இருக்கிறது. அம்மா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க ராத்திரியில் இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நானும் மனைவியும் முறை போட்டு எழுந்திருப்போம். விடிந்தால் இரண்டு பேருக்கும் வேலை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில், ஊட்டிய கஞ்சியை அம்மா மூன்றாவது முறையாக வெளியே தள்ளினாள். "எத்தனை தடவைம்மா துடைக்கிறது?" என்று கத்திவிட்டேன். அம்மாவால் பதில் சொல்ல முடியாது. பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை வாரம் முழுக்க என் கூடவே பஸ்ஸில் வந்தது.

தினமும் ஜெபம் பண்ணத்தான் செய்தேன். 'ஆண்டவரே, பெலன் கொடும்.' பெலன் என்றால் கரண்ட் மாதிரி உச்சந்தலையில் இறங்கும், அப்புறம் நான் தூங்கவே வேண்டாம் என்று நினைப்பு. ஒன்றும் இறங்கவில்லை. குறட்டைதான் வந்தது.

ஆராதனை முடிந்து நழுவப் பார்த்தேன். வாசலில் ஐயர் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் ஐயா..."

"எதுக்குப்பா? எலியா தீர்க்கதரிசி கதை தெரியுமில்ல?"

தெரியும். யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, செத்தால் போதும் என்று கேட்டவர்.

"அப்போ தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? அடையும் தண்ணியும் வச்சுட்டு, எழுந்து சாப்பிடுன்னான். சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினார். திரும்பவும் வந்து சாப்பிடச் சொன்னான். அதுக்கப்புறம்தான் நாற்பது நாள் நடை. நீ போய்ச் சாப்பிட்டுத் தூங்கு."

நடந்து வரும்போது யோசித்தேன். எங்கள் ஊர் மிஷனின் பேரே பெத்தானியாதான். சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை விட்டு வைக்கக் கூடாது என்று லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன்காரர், 1860-களின் தொடக்கத்தில் இங்கே வந்து வைத்த பேர். டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அதுதான்.

வேதத்தில் பெத்தானியா என்பது எருசலேமுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டரில் இருந்த கிராமம். கடைசி வாரத்தில் இயேசு பகலெல்லாம் எருசலேமில் வாதாடி, ராத்திரி தங்கப் போன இடம். அவருக்கே ஒரு பெத்தானியா தேவைப்பட்டிருக்கிறது! கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தவர், புயலில் படகில் தலையணை வைத்துத் தூங்கியவர். நான் மட்டும் தூக்கமில்லாத விசுவாசியாக இருக்கப் பார்த்தேன்.

இந்த ஞானோதயத்தை மனைவியிடம் சொன்னேன். அம்மாவுக்குத் துணையாக அவள் சர்ச்சுக்கு வந்து எட்டு மாதம். துணி பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க சர்ச்சுலயாவது தூங்கினீங்க. நான் எங்க போய்த் தூங்க?"

பெத்தானியாவில்தான் மார்த்தாளும் இருந்தாள். எல்லா வேலையும் என் ஒருத்தி தலையிலா என்று இயேசுவிடமே நேராகக் கேட்டவள். மரியாளைப் போல இருங்கள் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! என் வீட்டு மார்த்தாளை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் சித்தி, அம்மாவின் தங்கை, நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். ஆரம்பத்திலேயே "நான் வந்து இருக்கட்டுமாடா?" என்று கேட்டாள். "எங்கம்மாவை எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்று வீராப்பாகச் சொன்னவன் நான். அன்று சாயந்திரம் போன் பண்ணினேன். ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஒரு தூக்கு நிறைய மீன் குழம்போடு.

"கூப்பிடறதுக்கு உனக்கு எட்டு மாசமாடா? போங்க, ரெண்டு பேரும் போய்ப் படுங்க. இன்னைக்கு எங்க அக்காவை நான் பாத்துக்கிறேன்."

கேட்ட பெலன் கரண்டாக இறங்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியது. இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி சித்தி வருகிறாள்.

அம்மா நடந்துவிடவில்லை. கஞ்சி இன்னமும் வழிகிறது. துடைக்கிறேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதில்லை.

அடுத்த ஞாயிறு நான் அம்மாவோடு வீட்டில் இருந்துகொண்டு மனைவியை சர்ச்சுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவளிடம், "பிரசங்கம் எப்படி?" என்றேன்.

"தெரியலைங்க, தூங்கிட்டேன்" என்றாள்.