தும்பை இல்லாத வாகை

சென்ற மாதம் கோவையில் ஒரு பணிநிறைவு விழாவுக்குச் சென்றிருந்தேன். கல்லூரியொன்றில் முப்பதாண்டுக்கு மேல் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய மாணவர்கள் கூடி எடுத்த விழா அது. மாலை, சால்வை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, பந்தியும் முடிந்தபின், மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சிலர் அமர்ந்தனர். எல்லாரும் ஹாக்கிக்காரர்கள். நான் மட்டையைப் பிடித்ததைவிட எல்லைக் கோட்டருகே நின்று கூவியதே மிகுதி. ஆயினும் கூவியவனுக்கும் அந்த அவையில் ஓர் இடம் கிடைத்தது.

அரைமணி நேரத்தில் பேச்சு, வழக்கம்போல, யார் காலத்து ஆட்டம் வலியது என்பதில் வந்து நின்றது.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், "நாங்க ஆடுனது மெட்ராஸோடங்க. நீங்க எல்லாம் யாரோட ஆடுனீங்க?" என்றார். தொண்ணூறுகளில் ஆடிய மற்றொருவர் விடவில்லை. "ஏனுங்ணா, மெட்ராஸோட ஆடுனீங்க சரி, எத்தன தடவ கெலிச்சீங்க? அதையுஞ் சொல்லோணுமல்ல?" என்று கேட்டார். இவர்களுக்கு நடுவே, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அண்மையில் படித்து முடித்த இளைஞர், "நாங்க நேரடியா சவுத் ஜோன்லயே ஆடுனமுங்க ஐயா" என்று பணிவாகச் சொல்லி இருவர் வாயையும் ஒருகணம் அடைத்தார்.

வீடு திரும்பிய பின்னும் இவ்வழக்கு என்னை விடவில்லை. மூவர் சொன்னதும் உண்மை. ஆனால் மூவரும் ஒன்றை அளக்கத் தவறிவிட்டனர் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இவர்கள் எதைப்பற்றிச் சண்டையிட்டார்கள் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்து தம்முள் போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டத்தை 'வட்டம்' என்று வைத்துக்கொள்கிறேன். கல்லூரிகள் வட்டத்துக்குள் மோதும். அவற்றிலிருந்து வீரர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அவ்வணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டலத்தில் முன்னிற்பவை அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஆகவே ஒரு வட்டத்தின் வலிமை எவ்வளவு என்பது வெறும் வீம்புக்குரிய வினா அன்று. அந்த வட்டத்திலிருந்து கிடைக்கும் சான்றிதழுக்கு வேலைவாய்ப்பில் மதிப்புண்டு. ஒரு நெசவாளி வீட்டுப் பையனின் வாழ்வே அதனால் திசைமாறக் கூடும்.

இனி வரலாறு. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ்தான் கொங்குநாட்டுக் கல்லூரிகள் நெடுங்காலம் இருந்தன. கோவை அரசு கலைக் கல்லூரியும், ஈரோடு சிக்கய்ய நாயக்கர் கல்லூரியும், பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியும், சேலத்துக் கல்லூரியும் சென்னைக் கல்லூரிகளோடு ஒரே வட்டத்தில் நின்றன. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியது. கோவையும் ஈரோடும் நீலகிரியும் அதன்கீழ் வந்தன. சேலமும் தருமபுரியும் சென்னையோடு தங்கிவிட்டன. 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்தபோது அவையும் பிரிந்தன. 2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ்ச் சென்றன. 2007இல் கோவைக்கெனத் தனி அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 2012இல் மீண்டும் சென்னையோடு இணைந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971 முதலே தனி. அவினாசிலிங்கம் 1988இலும், அமிர்தா 2003இலும், காருண்யா 2004இலும், கற்பகம் 2008இலும் நிகர்நிலைத் தகுதி பெற்றன.

ஒரு பாத்தியில் விளைந்தது இன்று பல பாத்திகளாகிவிட்டது. வரப்புகள் பெருகின. விளைச்சல் பெருகிற்றா?

பெரியவர் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். ஒன்றாயிருந்த காலத்தில் கோவை மாணவன் ஒருவன் பல்கலைக்கழகச் சட்டையை அணிய வேண்டுமானால் சென்னையின் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தாண்டி வரவேண்டும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவர். அத்தகையோர் உருவான வட்டத்தில் ஆடித் தோற்றாலும் அது பெருமையே என்பது பெரியவர் கட்சி.

தொண்ணூறுகளின் நண்பர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்தப் பெரிய வட்டத்தில் கோபியிலோ உடுமலையிலோ படித்த ஒருவனுக்கு வாய்ப்பு எவ்வளவு இருந்திருக்கும்? தேர்வாளர் கண்ணில் படுவதற்கே இரவு இரயிலேறிச் சென்னைக்குப் போகவேண்டும். 1982க்குப் பின்னர்தான் சிற்றூர்க் கல்லூரிகளின் பையன்கள் பல்கலைக்கழக நிறம் அணிந்தார்கள். பிரிவினை தீங்கு மட்டுமே செய்தது என்று சொல்பவர் அப்பையன்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். "ஏதென்சுல 2004 ஒலிம்பிக் ஆடுன ஆடம் சின்கிளேர் பொறந்தது கோயமுத்தூருங்க, மறந்துறாதீங்க" என்றும் நண்பர் சேர்த்துக்கொண்டார். உண்மைதான். ஆனால் ஒரு நல்ல ஆட்டக்காரர் ஓர் ஊரில் பிறந்தார் என்பது அவ்வூரின் நற்பேற்றைக் காட்டும். வட்டத்தின் வலிமையைக் காட்டாது.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? மாஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தங்கம் நமக்கு இனிப்பானது. தலைவர் நம் மாநிலத்தவர் என்பதால் இன்னும் இனிப்பானது. ஆனால் அன்று களத்தில் நின்றவை ஆறே அணிகள். புறக்கணிப்பால் பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் வரவில்லை. இந்தியா தான்சானியாவை 18–0 எனவும் கியூபாவை 13–0 எனவும் வென்றது. போலந்தோடும் ஸ்பெயினோடும் 2–2 என்று சமன் செய்தது. இறுதியில் ஸ்பெயினை 4–3 என்று வென்றது. பாஸ்கரனும் அவர் தோழர்களும் எதிரில் வந்தவர்களை வென்றார்கள். வராதவர்களுக்கு அவர்கள் பொறுப்பல்லர். ஆயினும் நாம் அத்தங்கத்தைப் பார்த்து இந்திய ஹாக்கி நலமாயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். நான்காண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிசில் ஐந்தாம் இடம். அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021இல் டோக்கியோவில் நடந்த போட்டியில்தான் கிடைத்தது. இடையே 41 ஆண்டுகள். மெலிந்த களத்தில் பெற்ற வெற்றி வென்றவனையே ஏமாற்றிவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குத் தகடூர் நினைவுக்கு வருகிறது. இன்றைய தருமபுரி அது. அதை வென்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடுகிறது. ஆனால் தோற்ற அதியமானை அறியாத தமிழ் மாணவன் இல்லை; வென்றவன் பெயரைக் கேட்டால் பத்துப்பேரில் எட்டுப்பேர் விழிப்பார்கள். நான் வகுப்பில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. இரும்பொறையின் வெற்றிக்கு எடை தந்தவன் அதியமான்தான். எதிரே அவன் இல்லாதிருந்தால் அது வெறும் ஊர் கைப்பற்றல். நம் புறத்திணை இலக்கணமும் இதை அறிந்தே வகுக்கப்பட்டிருக்கிறது. வாகை வெற்றியைச் சொல்வது. தும்பையோ நிகரானவர் இருவர் தம் வலிமையே பொருளாக எதிர்நிற்பதைச் சொல்வது. தும்பை இல்லாமல் சூடும் வாகையை என்னென்பது?

அமெரிக்கக் கல்லூரிகளின் பனித்தரை ஹாக்கியில் இதையே கணக்காக்கி வைத்திருந்தார்கள். அங்கும் கல்லூரிகள் வட்டங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. 2013இல் 'பிக் டென்' என்ற வட்டம் ஹாக்கிக்கெனத் தனியே அமைந்தபோது பழைய வட்டங்கள் உடைந்தன. எந்த வட்டம் வலியது என்ற வழக்கு அங்கே ஓயாமல் நடக்கிறது. அண்மைக்காலம் வரை அவர்கள் கையாண்ட கணக்கில் ஓர் அணியின் வெற்றி மட்டும் எண்ணப்படவில்லை. அது எதிர்த்து ஆடிய அணிகள் எவ்வளவு வென்றன, அவ்வணிகளை எதிர்த்தவை எவ்வளவு வென்றன என்பவையும் சேர்க்கப்பட்டன. வட்டம் விட்டு வட்டம் சென்று அவர்கள் பருவம் முழுதும் ஆடுவதால் இது இயன்றது. நம் கல்லூரிகள் தம் வட்டத்துக்கு வெளியே அரிதாகவே மோதுகின்றன. கோவையில் ஒரே சாலையில் மதிலடுத்து நிற்கும் இரு கல்லூரிகள், வேறுவேறு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை என்பதால், ஆண்டு முழுதும் ஒருமுறையும் எதிர்நில்லாமல் போகலாம்.

ஆகவே என் கருத்து இது. ஒரு வட்டத்தின் வலிமையைக் கோப்பை வென்ற அணியில் தேடக்கூடாது. முதல் சுற்றில் தோற்றுப்போன அணிகளில் தேடவேண்டும். எத்தனை கல்லூரிகள் பதினொருவரைத் திரட்டிக்கொண்டு வந்தன? வந்தவர்களில் எத்தனைபேர் மட்டையைச் சென்ற வாரம் முதன்முதலாகப் பிடித்தவர்கள்? தோற்ற அணி அடுத்த ஆண்டும் வருகிறதா? பணிநிறைவு பெற்ற அந்த ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஜெயிச்ச டீமு எப்பவும் இருக்குமுங்க. தோக்கறதுக்குத்தான் இப்ப ஆள் வர்றதில்ல" என்றார். அன்று நிகழ்ந்த எல்லா வாழ்த்துரைகளையும்விட இச்சொல்லே எனக்கு நினைவிலிருக்கிறது.

தோற்பதற்கு ஏன் ஆள் வருவதில்லை? போட்டியின் அமைப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. தோற்றவர் வெளியேறும் முறையில் பதினாறு அணிகள் வந்தால் எட்டு அணிகள் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து பயின்றவனுக்குக் கிடைப்பது அறுபது நிமிடம். அதற்காக அவன் வருகைப்பதிவை இழக்கவேண்டும், உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தள்ளிவைக்கும்படி என்னைப் போன்றவர்களிடம் வந்து நிற்கவேண்டும். நானும் அப்படி வந்து நின்ற மாணவர்களிடம் முகம் சுளித்திருக்கிறேன். கடைசி வரிசையில் தூங்கிவிழும் பையன் ஐந்தரை மணிக்கே மைதானத்துக்கு வந்தவன் என்று அறிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இன்னொன்று தளம். 1976 மாண்ட்ரியல் முதல் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறிவிட்டது. அவ்வாண்டே இந்தியா ஏழாமிடத்துக்கு இறங்கியது. நம் கல்லூரி மைதானங்களில் பெரும்பாலானவை இன்றும் செம்மண்ணும் சரளையுமே. சரளையில் துள்ளும் பந்தை நிறுத்தக் கற்றவன் செயற்கைத் தளத்தின் வேகத்தில் திணறுகிறான். ஆனால் தளம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புவோரோடு நான் முழுதும் உடன்படவில்லை. கோவில்பட்டியைப் பாருங்கள். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூர்க்காரர். அவரோடு ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்றவர். அவ்வூரில் செயற்கைத் தளம் வருமுன்பே ஹாக்கி இருந்தது. பள்ளிகளும் தெருக்குழுக்களும் தமக்குள் ஓயாது மோதிக்கொண்டதால் இருந்தது. தோற்றவர் மறுவாரமே மீண்டும் வந்து நின்றதால் இருந்தது.

2025இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பைக்காக 24 நாடுகள் சென்னைக்கும் மதுரைக்கும் வந்து சென்றன. மகிழ்ச்சிதான். ஆனால் உலகம் நம் வாசலுக்கு வந்துபோவதும், நாம் நம் பக்கத்து வீட்டோடு ஆடுவதும் வேறுவேறு. எனக்கு இரண்டாவதே முதலில் வேண்டும்.

செய்யக்கூடியது பெரிதொன்றும் இல்லை. பல்கலைக்கழக எல்லைகளை அப்படியே விட்டுவிடுவோம். அவை நம் கையில் இல்லை. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகள், எந்தப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவையாயினும், சனிக்கிழமைக் காலைகளில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடலாம். யாரும் வெளியேறாத சுழல்முறையில் ஆடலாம். தோற்ற அணிக்கு அடுத்த வாரமும் ஓர் ஆட்டம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மாணவியர் ஆட்டமும் அதே நாளில், அதே களத்தில் நடக்கட்டும். (வேப்பமரத்தடி வழக்கில் பெண்கள் ஆட்டத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் வாய்திறக்கவில்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.) என்னைப் போன்ற ஆசிரியர்கள் அச்சனிக்கிழமையில் தேர்வு வையாதிருந்தால் போதும். பழைய ஆட்டக்காரர்கள் வந்து நடுவராக நிற்கட்டும். அவர்களுடைய வழக்குக்கும் அங்கே ஒரு முடிவு கிடைக்கக் கூடும்.

அன்று விடைபெறும்போது பெரியவர் இளைஞரின் தோளில் கைவைத்து, "கண்ணு, உங்க டீம்ல எத்தன பேரு ஸ்கூல்ல இருந்தே ஆடுனவங்க?" என்று கேட்டார். இளைஞர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடியுமுன்பே நின்றுவிட்டார்.

அதன்பின் யார் காலம் வலியது என்று அங்கே ஒருவரும் பேசவில்லை.