சினிமா பார்த்தால் பாவமா?

"கதைப் புத்தகம் படிக்காதே! சினிமா பார்க்காதே! இரண்டும் பாவம்!"

கிறிஸ்தவர் வீடுகள் சிலவற்றில் இப்படிச் சொல்லுகிறார்கள். நானும் கிறிஸ்தவன்தான். இதை நான் ஏற்கவில்லை.

தமிழில் முதல் நாவல் எது? "பிரதாப முதலியார் சரித்திரம்". 1879-ம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கர். பரமார்த்த குரு கதையை எழுதி எல்லோரையும் சிரிக்க வைத்தவர் வீரமாமுனிவர். அவர் ஒரு பாதிரியார்!

1948-ல் "ஞானசவுந்தரி" படம் வந்தது. கைகளை இழந்த ஒரு பெண்ணுக்கு, மாதா அருளால் மீண்டும் கைகள் கிடைக்கும் கதை. அதுவும் சினிமாதானே?

இயேசுநாதரே கதை சொன்னவர். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய மகனை, தகப்பன் ஓடிச் சென்று கட்டி அணைத்த கதை யாருக்குத்தான் தெரியாது?

தடை போட்டால் என்ன நடக்கும்? பையன் திருட்டுத்தனமாகப் படம் பார்ப்பான். வீட்டில் பொய் சொல்லுவான். கோவிலில் நல்லவன்போல உட்கார்ந்திருப்பான். படம் செய்யாத கெடுதலை அந்தப் பொய் செய்துவிடும்.

கெட்ட படங்களும் உண்டு. ஆபாசக் கதைகளும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகளோடு சேர்ந்து படம் பாருங்கள். வீடு திரும்பியதும், "எது சரி? எது தப்பு?" என்று கேளுங்கள். மனம்விட்டுப் பேசும் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தேவை இராது.