கழிவிரக்கம் போதும்

"பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்காமல் விட்டோமே! இனி என்ன செய்வது?" வெளிமாநிலம் வந்து குடியேறிய நம்மிடையே ஓயாது ஒலிக்கும் புலம்பல் இது. இதனைத் தமிழ்ப்பற்று என எண்ணி நாம் நிறைவு கொள்கிறோம். இது பற்றன்று, கடமையிலிருந்து நழுவும் வழி.

இரட்டைக் காப்பியங்களை நோக்குவோம். தன் பிழையுணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான். நீதிக்கு உயிர் ஈந்தான் எனப் போற்றுகிறோம். ஆயினும் அவன் இரக்கம் கோவலனை மீட்டதா? மதுரையைத் தீயினின்று காத்ததா? மாதவியும் கோவலன் மறைவு கேட்டுத் துயருற்றாள். ஆனால் துயரிலேயே நின்றுவிடவில்லை. அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். மகளையும் அவ்வழியில் செலுத்தினாள். அம்மகள் மணிமேகலையே அமுதசுரபி ஏந்திப் பிறர் பசி தீர்த்தாள்.

நாம் செல்ல வேண்டியது மாதவியின் வழியே. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. நாளுக்கு ஒன்று கற்பித்தாலும் 30 நாளில் அவை முடியும். உயிர்மெய்க்கு அடுத்த திங்கள் இருக்கிறது. மகன் வளர்ந்துவிட்டானா? வளர்ந்தவனுக்கும் கைவிரல்கள் உண்டு. அவன் மறுத்தால் பேரன் இருக்கிறான். போன ஆண்டுகளை எண்ணியது போதும். இன்றிரவே ஒரு தாளில் 'அ' எழுதுவோம்.