மலையை வெட்ட வேண்டாம், அதில் விளையாட விடுங்கள்



டிஸ்க் கோல்ப் பற்றி நாங்கள் சில ஆசிரியர்கள் பகிர்ந்த வீடியோவுக்குக் கீழே வந்த கொமன்ட் எல்லாவற்றையும் வாசித்தோம். "தட்டு எறியிறதும் ஒரு விளையாட்டா சேர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். "வேலையில்லாத வெள்ளைக்காரன் காட்டுக்குள்ள செய்யிற வேலை" என்று ஒரு நானா எழுதியிருந்தார். "முதல்ல ஸ்கூலுக்கு ஒரு கிரவுண்ட் வெட்டித் தாங்க, பிறகு இதப் பாப்பம்" என்றார் இன்னொருவர்.

முதல் இரண்டையும் சிரித்துவிட்டு விடலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "சமதரை இல்லையென்றால் விளையாட்டு இல்லை" என்று எங்கள் ஊர் பல வருடமாக நம்பிக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் விளையாட்டைச் சொல்கிறோம். கையளவுக்குக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் சங்கிலி தொங்கும் ஒரு கூடை. குறைந்த எறிதலில் தட்டைக் கூடைக்குள் போட வேண்டும். தட்டு விழுந்த இடத்தில் நின்றுதான் அடுத்த எறிதல். இப்படி வழக்கமாக 18 கூடைகள். எட் ஹெட்ரிக் என்பவர் 1975 இல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் முதலாவது நிரந்தரத் திடலை அமைத்தபோது அங்கே கூடைகூட இருக்கவில்லை, வெறும் கம்பங்கள்தான். சங்கிலிக் கூடை பிறகுதான் வந்தது. இன்று உலகம் முழுக்க 10,000 இற்கும் மேற்பட்ட திடல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் விளையாடக் காசு வாங்குவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பேர்போன சில திடல்கள் தனியாரின் கரடுமுரடான காணிகளில் இருக்கின்றன. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லெஸ்டரில் உள்ள மேப்பிள் ஹில் ஒரு கிறிஸ்மஸ் மரத் தோட்டம். பாறை, குளம், ஏற்றம், இறக்கம் எல்லாம் அங்கே உண்டு. உலகின் முன்னணி வீரர்கள் வருடாவருடம் அங்கே வந்து போட்டியிடுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஷெல்பி என்ற சிறிய ஊருக்கு வெளியே உள்ள ஃபிளிப் சிட்டியும் தனியார் காணிதான், மேடும் பள்ளமும் மரமும் நிறைந்தது. பனிச்சறுக்கு மலைகளிலும் கோடையில் கூடை நட்டு விளையாடுகிறார்கள். மலையைத் தட்டையாக்க இவர்கள் யாரும் பெக்கோ கொண்டுவரவில்லை. மலை எப்படி இருந்ததோ, விளையாட்டை அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள்.

அந்த மலைதான் விளையாட்டுக்கு ருசி கொடுக்கிறது. இறக்கத்தில் எறிந்தால் தட்டு நெடுநேரம் காற்றில் நிற்கும். கையை விடும்போது வந்த சின்னப் பிழை கீழே போகும்போது பெரிய பிழையாகிவிடும். ஏற்றத்தில் எறிந்தால் சீக்கிரமே சாய்ந்து விழும். சரிவில் நிற்கும் கூடையைத் தவறவிட்டால் தட்டு விளிம்பில் நின்று சில்லுப் போல உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் பலம் உள்ளவன் மட்டும் வெல்வதில்லை. எங்கே நின்றுகொள்ள வேண்டும், எப்போது அடக்கி எறிய வேண்டும் என்று யோசிக்கிறவர்தான் வெல்கிறார். பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயது வாப்பாவும் ஒன்றாக நடந்து விளையாடக்கூடிய விளையாட்டு வேறு எத்தனை உண்டு?

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தட்டு எல்லைக்கு வெளியே போனால் கூட விளையாடுகிறவர்களே சொல்ல வேண்டும், ஒரு எறிதலைத் தண்டனையாகக் கூட்டிக்கொள்ள வேண்டும், கணக்கையும் அவர்களே எழுத வேண்டும். நேர்மையைப் பாடப்புத்தகத்தில் படிப்பித்துக் களைத்த எங்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

"அவனிடம் காணி இருக்கு, சட்டம் இருக்கு" என்பீர்கள். சட்டம் சும்மா வரவில்லை. காணியைத் திறந்துவிட்டால், யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டு வழக்குப் போடுவார் என்ற பயம் அங்குள்ள காணிக்காரருக்கும் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கத்தான் மிச்சிகன் மாநிலம் 1953 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காசு வாங்காமல் மற்றவர்களைத் தன் காணிக்குள் பொழுதுபோக்க விடுகிறவரின் பொறுப்பை அது குறைத்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. முதலில் பயத்தை ஒப்புக்கொண்டார்கள், பிறகு அதற்கு வழி தேடினார்கள். நாங்கள் பயத்தைச் சொல்லி கேற்றைப் பூட்டிவிட்டு, "பிள்ளைகள் எந்த நேரமும் போனோடயே கிடக்குதுகள்" என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி "கிரவுண்ட் வெட்டுவது" பற்றி. மலையை வெட்டினால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லத் தேவையில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியதை நாங்கள் மறக்கவில்லை. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும் மாவட்டங்களில் இருந்துகொண்டு, ஒரு இல்ல விளையாட்டுப் போட்டிக்காகச் சரிவை வெட்டி மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளுவதை அபிவிருத்தி என்று எப்படிச் சொல்வது? வெட்டிய கிரவுண்டிலும் யார் விளையாடுவார்? பின்னேரம் ஆனால் பெரிய பொடியன்மாரின் கிரிக்கெட். பொம்பிளைப் பிள்ளைகளும் சின்னவர்களும் ஓரத்தில்தான். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்ன உம்மாமார் இன்றும் காலையில் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கிறார்கள்.

நியாயமான கேள்விகளும் வந்தன. பாம்பு, அட்டை இருக்காதா? இருக்கும். பாதையைத் துப்பரவாக வைத்து, சப்பாத்துப் போட்டுத்தான் போக வேண்டும். ஆள் மீது தட்டுப் படாதா? படலாம். அதனால்தான் வீடும் ஒழுங்கையும் உள்ள பக்கம் கூடை வைக்கக் கூடாது, முன்னால் ஆள் நின்றால் எறியக் கூடாது. நடந்து நடந்து மண் அரிக்காதா? அரிக்கும். அங்கேயும் அரிக்கிறது. எறியும் இடத்தில் மரச்சீவல் போடுகிறார்கள், சரிவில் படி வைக்கிறார்கள், தேய்ந்த பாதையை மூடி வேறு பாதை எடுக்கிறார்கள். காணிக்காரர் நாளைக்கு மனம் மாறினால்? அது அவருடைய உரிமை. கூடையைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம். வெட்டிய மலையைத் திரும்ப ஒட்ட முடியுமா?

ஊரில் காணி வைத்திருக்கும் பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது காணியை அல்ல. பயிர் செய்யாமல் பற்றை பிடித்துக் கிடக்கும் சரிவில், கிழமைக்கு ஒரு பின்னேரம், ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில், எழுத்தில் போட்ட நிபந்தனைகளோடு பிள்ளைகளை விடுங்கள். சங்கிலிக் கூடை இப்போது வேண்டாம். மரத்தில் கட்டிய பழைய டயர் போதும். ஆறு இடம் போதும்.

பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஒன்று கேட்கிறோம். பெக்கோவுக்கு மணித்தியாலக் கூலி பேச முன்னர், அந்தச் சரிவில் பிள்ளைகளோடு ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கிரவுண்ட் வேண்டுமா, வேண்டாமா என்று அதன் பிறகு கதைப்போம்.